கேஸ் என்று பெயர் வைத்திருந்தோம்

இலையில் எல்லாம் வைத்தாகிவிட்டது. அரிசியும் பருப்பும் சாதம், அதன்மேல் ஒரு கரண்டி நெய், வடை, பச்சைப்பயற்றுப் பாயசம், கத்தரிக்காய்ப் பொரியல். இலைக்கு அந்தப் பக்கம் மாலை போட்ட படம். படத்துக்கு முன்னால் மடிப்புக் கலையாத வேட்டி, சட்டை.

என் வீட்டுக்காரர் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. வருடத் திதிப் படையல் அது.

அவருடைய அண்ணன் ரங்கசாமி சட்டைப் பையிலிருந்து ஒரு சிகரெட் பாக்கெட்டை எடுத்தார். புதுப் பாக்கெட். மேலே சுற்றியிருந்த கண்ணாடிக் காகிதத்தைக்கூடப் பிரிக்கவில்லை. அதை வடைக்குப் பக்கத்தில் வைத்து, அதன்மேல் ஒரு தீப்பெட்டியையும் வைத்தார்.

“என்ற தம்பிக்கு இது இல்லாட்டி மத்ததெல்லாம் தொண்டைல எறங்காதுங்க” என்று சுற்றி நின்ற சொந்தக்காரர்களிடம் சொன்னார். சொல்லும்போதே அவர் கண் கலங்கிவிட்டது.

எங்கள் பக்கத்தில் இது அதிசயம் இல்லை. போனவருக்கு உயிரோடு இருக்கும்போது எதன்மேல் ஆசையோ அதை வைப்போம். வெற்றிலை போட்டவருக்கு வெற்றிலை, பீடி குடித்தவருக்குப் பீடி. பிராந்திப் பாட்டில் வைக்கிற வீடுகளும் உண்டு. அன்பினால்தான் வைக்கிறார்கள். அதில் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

ஆனால் அந்தப் பாக்கெட்டின் மேல் அரசாங்கம் அச்சடித்திருக்கும் புண் படம் இருந்ததே, அது என் வீட்டுக்காரருடைய படத்தைப் பார்த்தபடி இருந்தது. அவரும் மாலைக்குள்ளிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நுரையீரல் கெட்டுத்தான் அவர் போனார்.

“கற்பூரம் காட்டோணும். கார்த்தி எங்க, கூப்புடு அம்மணி” என்றார் ரங்கசாமிப் பெரியவர்.

கார்த்தி எங்கள் ஒரே மகன். கோயமுத்தூரில் சரவணம்பட்டிப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். திதிக்காக லீவு போட்டுவிட்டு வந்திருந்தான்.

வீட்டுக்குப் பின்னால் போனேன். துவைக்கிற கல்லுக்கு அந்தப் பக்கம், முருங்கை மரத்தடியில் நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த எதையோ செருப்பால் மிதித்தான். வாயில் புதினா மிட்டாய் மணத்தது. மிட்டாய்க்கு அடியில் இன்னொரு வாசம் இருந்தது. அது எனக்குத் தெரியாத வாசமா?

அதுகூடப் பரவாயில்லை. நெஞ்சுக்கு நடுவில் கட்டை விரலை வைத்து மேலும் கீழும் தேய்த்துக்கொண்டிருந்தான்.

“என்ன கண்ணு?”

“ஒண்ணுமில்லம்மா. கேஸா இருக்குது. ஊட்டுல சோடா இருக்குதா?”

நான் துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டேன். ஏன் பிடித்துக்கொண்டேன் என்பதைச் சொல்லத்தான் இந்த வாரம் உட்கார்ந்திருக்கிறேன். கார்த்தியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

உருளைக்கிழங்கின் வனவாசம்

இந்தப் பத்திரிகைத் தொடரை விடாமல் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். புதிதாகப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். கிணத்துக்கடவுப் பக்கம் ஒரு தக்காளி நாற்றுப் பண்ணையில் வேலை செய்கிறேன். தட்டில் தென்னைநார்க் கழிவை நிரப்பி, குழிக்கு ஒரு விதை போடுவேன். பேச வேண்டிய அவசியம் இல்லாத வேலை. நான் பத்தாவது வரை படித்தவள். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எழுதினால் மட்டும் எப்படியோ வருகிறது.

என் கல்யாணத்தைப் பற்றிப் போன வாரம் எழுதியதை, பண்ணையில் என்னோடு விதை போடுகிற பூவாத்தா யாரையோ வைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். “ஏனக்கா, அண்ணன் பஸ்ஸு முன்னால நிக்கற ஸ்டைலப் பத்தி ஒரு வரிகூட எழுதுல? அதையப் பாக்கறதுக்குன்னே நாங்க அந்தப் பஸ்ஸுக்கு நிப்பம்” என்றாள்.

ஆமாம். அவர் பெயர் ஆறுமுகம். பொள்ளாச்சிக்கும் உக்கடத்துக்கும் ஓடுகிற தனியார் பஸ்ஸில் டிரைவர். ஸ்டாண்டில் பஸ்ஸை நிறுத்திவிட்டு, பம்பரில் ஒரு காலைத் தூக்கி வைத்து, சிகரெட்டைப் பற்ற வைத்து, தலையை லேசாகச் சாய்த்துப் புகையை மேலே விடுவார். கல்லூரிப் பையன்கள் அதே மாதிரி நின்று பார்ப்பார்கள். கார்த்தி சின்னவனாக இருந்தபோது சாக்பீஸை உதட்டில் வைத்துக்கொண்டு, மாட்டுவண்டிச் சக்கரத்தில் கால் வைத்து நிற்பான். “எங்கப்பாவுக்கு எதுக்குமே பயமில்ல” என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டு வருவான்.

அந்த மனிதருக்குத்தான் கேஸ் இருந்தது.

திடீரென்று நெஞ்சு படபடக்கும். கை வேர்க்கும். மூச்சு பாதியில் நின்றுபோன மாதிரி இருக்கும். கட்டை விரலால் நெஞ்சைத் தேய்ப்பார். “கேஸ் ஏறிக்கிச்சு அம்மணி” என்பார். நான் ஓமத்தண்ணி காய்ச்சுவேன். பூண்டைச் சுட்டுக் கொடுப்பேன். சோடாவில் உப்புப் போட்டுக் கொடுப்பேன். ஏப்பம் வந்தால் எங்கள் இரண்டு பேருக்குமே நிம்மதி. தேர் நிலைக்கு வந்த மாதிரி.

எது தின்றால் கேஸ் வருகிறது என்று ஆராய்ச்சி வேறு. தட்டைப்பயறை நிறுத்தினோம். கடலைப்பருப்பை நிறுத்தினோம். உருளைக்கிழங்குக்கு எங்கள் வீட்டில் ராமருக்கு ஆன வனவாசத்தைவிட அதிக காலம் ஆனது. பாவம், அது என்ன செய்தது?

சிகரெட் குடித்தால் கேஸ் இறங்கும் என்று அவர் நம்பினார். இழுத்ததும் ஏப்பம் வரும். “பாத்தியா?” என்பார். காலையில் ஒன்று பற்ற வைக்காவிட்டால் வயிறு கழியாது என்பார். அவர் மட்டும் இல்லை, எங்கள் வீதியில் பாதி ஆம்பிளைகள் அப்படித்தான் சொல்கிறார்கள். சிகரெட்டை மருந்துக் கணக்கில் வைத்திருந்தோம்.

ஒன்றுமே நடக்காத நாள்

கல்யாணமான புதிதில் அவருக்கு இந்தப் பழக்கம் கிடையாது. நோம்பி, பண்டிகை நாளில், கூட்டாளிகளோடு இருக்கும்போது, விளையாட்டுக்கு ஒன்று இழுப்பார். அவ்வளவுதான்.

கார்த்தி நடை பழகிய சமயம். ஒரு நாள் சாயங்காலம், பள்ளிக்கூடம் விடுகிற நேரம். ரோட்டோரம் நின்றிருந்த ஒரு பெண் குழந்தை, எதிர்ப்பக்கம் நின்ற தன் அம்மாவைப் பார்த்துவிட்டு நேராக ஓடி வந்துவிட்டது. இவர் பிரேக்கின் மேல் ஏறி நின்றிருக்கிறார். பஸ் அந்தக் குழந்தைக்கு ஒரு சாண் தள்ளி நின்றுவிட்டது.

குழந்தை பஸ்ஸின் முகப்பை அண்ணாந்து பார்த்துச் சிரித்ததாம். அப்புறம் ஓடிப்போய் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டது. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. பஸ்ஸில் இருந்தவர்கள் “சாமி காப்பாத்துச்சுங்க, நல்லா ஓட்டுனீங்க” என்று பாராட்டியிருக்கிறார்கள்.

அவரும் ஒன்றும் ஆகாதவர் போலவே உக்கடம் வரை ஓட்டிப் போனார். வண்டியை நிறுத்தினார். இறங்கக் கதவைத் திறக்கப் போனால், கை கைப்பிடியைப் பிடிக்கவில்லை. நடுங்குகிறது. கண்டக்டர் தம்பி அதைப் பார்த்துவிட்டு, தான் குடித்துக்கொண்டிருந்ததை இவர் வாயில் வைத்தான்.

“இந்தாங்கண்ணா, ரெண்டு இழுப்பு இழுங்க. செரியாப் போயிரும்.”

சரியாகத்தான் போனது. அதுதான் கேடு. அன்றைக்கு அது சரியாகப் போகாமல் இருந்திருந்தால் அவர் வேறு எதையாவது தேடியிருப்பார்.

விபத்து நடந்திருந்தால் நாலு பேர் வந்து ஆறுதல் சொல்லியிருப்பார்கள். ஒன்றுமே நடக்காததற்கு யாரிடம் போய் அழுவது?

அதற்குப் பிறகு வண்டி எடுப்பதற்கு முன்னால் ஒன்று. அந்த இடத்தைத் தாண்டியதும் மனசுக்குள் ஒன்றுக்கு ஏங்கி, உக்கடத்தில் இறங்கியதும் ஒன்று. பேக்கரி வாசலில் டீயோடு ஒன்று. எங்கள் ஊர்களில் டீக்கடைக்கும் பேக்கரி என்றுதான் பெயர். ஆம்பிளைகள் ஒரு கையில் டம்ளரும் ஒரு கையில் சிகரெட்டுமாக நிற்கிற இடம். அங்கே நின்றால் யாரும் “ஏன் நிற்கிறாய்” என்று கேட்க மாட்டார்கள். சிகரெட் இல்லாமல் ஒருவன் சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றால், உடம்பு சரியில்லையா என்பார்கள்.

இப்படியாகப் பயம் ஸ்டைல் ஆகிவிட்டது. பம்பரில் கால் வைத்து நிற்பது எதற்கென்று எனக்குத் தெரியும். காலைத் தரையில் வைத்தால் முழங்கால் ஆடுவது தெரிந்துவிடும்.

இதை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. அவரே சொன்னார்.

கட்டில் ஓரம்

ஒரு விடியற்காலை. முதல் டிரிப் எடுக்க வேண்டிய நாள். காக்கிச் சட்டை போட்டு, தலை சீவி, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். நான் காப்பி கொண்டுபோனேன். டம்ளரை வாங்கவில்லை. செருப்பை ஒரு காலில் மட்டும் போட்டிருந்தார்.

“நேரமாகுதுங்க” என்றேன்.

“அம்மணி” என்றார். குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. “எனக்குப் பயமா இருக்குது. ஸ்டியரிங்கத் தொடறதுக்குப் பயமா இருக்குது. அந்தப் புள்ள சிரிச்சுட்டே முன்னால வந்து நிக்கறா.”

பக்கத்தில் உட்கார்ந்தேன். கையைப் பிடித்தேன். ஐஸ் மாதிரி இருந்தது.

“லீவு சொல்லிப் போடுங்க.”

“எத்தன நாளைக்கு?” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, “ஆருகிட்டயும் சொல்லிப்போடாத. எங்கண்ணங்கிட்டக்கூட. டிரைவரு பயந்தவன்னு ஒருக்கா பேரு வந்துருச்சுன்னா வண்டிச் சாவியக் குடுக்க மாட்டாங்க. சிரிப்பாங்க” என்றார். இன்னொரு செருப்பைக் காலால் இழுத்தபடி, “கார்த்திக்குத் தெரியக் கூடாது” என்றார்.

சொல்ல மாட்டேன் என்றேன். எழுந்து வெளியே போனார். தீக்குச்சி உரசுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் பழைய ஆளாகத் திரும்பி வந்து, “காப்பி ஆறிப்போச்சு, வேற போடு” என்றார்.

அதற்குப் பிறகு பயம் என்ற வார்த்தையை எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. கேஸ் என்றே சொல்லிக்கொண்டோம். எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் கேஸ்தான்.

இடையில் பொள்ளாச்சியில் ஒரு டாக்டரிடம் போனோம். நெஞ்சில் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள். “ஹார்ட்டு குதிரையாட்டம் இருக்குது. ஒண்ணும் பயப்படாதீங்க. சிகரெட்ட மட்டும் விட்ருங்க” என்றார் டாக்டர். இவர் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார். வெளியே வந்ததும் சந்தோஷத்தில் ஒன்று பற்ற வைத்தார். “குதிரையாமா!” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. பஸ்ஸில் வரும்போது ஜன்னலுக்கு வெளியே தென்னை மரங்களைப் பார்த்துக்கொண்டே, குதிரைக்கு ஏன் இப்படிக் கை நடுங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை.

டாக்டரம்மா சொன்னது

கடைசியில் குதிரைக்குப் பக்கத்தில் இருந்தது கெட்டுப்போனது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. அப்புறம் நடந்தால் வாங்கியது. அப்புறம் படுத்தால். கோயமுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் வைத்தார்கள். குழாய் இருக்கும்போது தீக்குச்சியை நினைக்கவே கூடாது.

அத்தனை வருடமாகப் புகைக்குப் பின்னால் நின்றிருந்த பயம் அப்போதுதான் முன்னால் வந்தது. படுக்கையின் கம்பியை ஸ்டியரிங் மாதிரிப் பிடித்துக்கொள்வார். வேர்த்துக் கொட்டும். கண் மட்டும் அங்கும் இங்கும் போகும்.

ஒரு டாக்டரம்மா வந்து பார்ப்பார். சின்ன வயசு. எங்கள் கார்த்தியைவிட ரெண்டு மூணு வயசு கூட இருக்கலாம். “உங்களுக்குப் பயமா இருக்குதுங்களா ஐயா? படபடப்பா வருதுங்களா?” என்று நேரடியாகக் கேட்டார்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு, கால்மாட்டில் நின்ற கார்த்தியைப் பார்த்தார்.

“கேஸ்தானுங்க டாக்டர்” என்றார்.

அந்த அம்மா என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டுப் பேசினார். மற்றவர்கள் மாதிரி அவசரப்படவில்லை. “மூச்சு முட்டறது பாதி நோயினால, பாதி பயத்தினாலம்மா. ரொம்ப வருசமா இருந்திருக்கும் போல. சிகரெட் குடிச்சாக் குறையுதுன்னு சொல்வாரா?”

“ஆமாங்க.”

“குறையற மாதிரிதாம்மா தெரியும். குடிச்சுக் கொஞ்ச நேரம் ஆனதும் உடம்பு அடுத்ததைக் கேட்கும். அது கிடைக்காததுனாலயே படபடன்னு வரும். அடுத்ததைக் குடிச்சா அது அடங்கும். பயம் போயிருச்சுன்னு நினைச்சுக்குவாங்க. ஆனா முன்னாடி இருந்த பயத்தை அது தொட்டிருக்கவே தொட்டிருக்காது. அதுமேல தன் பங்குக்கு இன்னொண்ணைச் சேர்த்து வெச்சிருக்கும்.”

எனக்குப் புரிந்தது. வீட்டுக்குள் எலியைப் பிடித்து விட்டுவிட்டு, மறுநாள் வாசலில் எலிப்பொறி விற்க வருகிறவனைப் போல.

“இதுக்கு மருந்து இருக்குதுங்களா?” என்று கேட்டேன்.

“இருக்குதும்மா. பேசறதே பாதி மருந்து. கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தா…” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். நல்ல மனசு.

கடைசி நாட்களில் என் கையை விடவில்லை. கார்த்தி உள்ளே வந்தால் மட்டும் விட்டுவிடுவார்.

இலைக்கு முன்னால்

இப்போது தெரிந்திருக்கும், நான் ஏன் துவைக்கிற கல்லைப் பிடித்தேன் என்று.

கார்த்தியிடம் ஒன்றும் சொல்லாமல் உள்ளே கூட்டிக்கொண்டு வந்தேன். அவருக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம். வாக்கு வாங்கியவரின் படம் எதிரே. கட்டை விரலால் நெஞ்சைத் தேய்க்கிற மகன் இன்னொரு பக்கம். சொன்னால் போனவரின் மானம் போகும். சொல்லாவிட்டால் இருப்பவன் போவான். அப்பாவுக்குப் பயமே கிடையாது என்று நம்பிக்கொண்டு, தன் பயத்துக்குச் சோடா தேடிக்கொண்டே போவான்.

கார்த்தி கற்பூரம் காட்டினான். எல்லாரும் கும்பிட்டோம். படையல் அறைக் கதவைச் சாத்தப் போகும்போது பெரியவர், “இருங்க, இருங்க” என்றார். பாக்கெட்டைப் பிரித்து ஒரு சிகரெட்டை உருவினார்.

“பத்த வெக்காம வெச்சா என்ற தம்பி எப்படிக் குடிப்பான்? கார்த்தி, இந்தா. உங்கப்பனுக்கு நீயே பத்த வெச்சு வையி.”

“நானுங்களா பெரீப்பா?”

“பின்ன? புள்ள கையால வெச்சாத்தான் அவனுக்குச் சேரும். ஒரு இழுப்பு இழுத்தாத்தான் பத்தும். பெரியவங்க நிக்கறாங்கன்னு கூச்சப்படாத, இன்னிக்கு ஒரு நாளைக்குத் தப்பில்ல” என்று சிரித்தார். சொந்தக்காரர்களும் சிரித்தார்கள். “பையனுக்குப் பழக்கமில்ல, இருமப் போறான் பாரு” என்றார் ஒருவர்.

கார்த்தி அதை வாங்கி உதட்டில் வைத்தான். குச்சியை உரசி, காற்றுப் படாமல் உள்ளங்கையைக் குவித்தான். அவன் அப்பா குவிக்கிற அதே மாதிரி. தலை லேசாகச் சாய்ந்தது.

“வேண்டாம்” என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான். எனக்கே அது புதிதாக இருந்தது.

எல்லாரும் திரும்பினார்கள். கார்த்தியின் கையில் குச்சி எரிந்துகொண்டே இருந்தது.

“என்ன அம்மணி?” என்றார் பெரியவர்.

“அதைய வெக்க வேண்டாமுங்க மாமா.”

“அவன் ஆசைப்பட்டது அம்மணி. ஆசப்பட்டதத்தான வெக்கறம்.”

“ஆசைப்பட்டுக் குடிக்கலீங்க மாமா. பயந்துட்டுக் குடிச்சாருங்க.”

குச்சி விரலைச் சுட்டது போல, கார்த்தி கையை உதறினான்.

“ஆரு பயந்தா?” பெரியவரின் குரல் மாறியது. “என்ற தம்பியா? அத்தன பெரிய வண்டியப் பொள்ளாச்சி ரோட்டுல ஓட்டினவன். ஆருக்குப் பயந்தான்? சொல்லு, ஆருக்கு?”

“ஆருக்கும் இல்லீங்க. சும்மா பயந்தாருங்க. தினமும் பயந்தாருங்க. எனக்கு மட்டுந்தான் தெரியுமுங்க.”

பெரியவருடைய மனைவி என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். “வாய மூடு கண்ணு. செத்தவங்க முன்னால என்ன பேச்சு இது? கெரகம்” என்று காதுக்குள் சொன்னார். எனக்கு நாக்கு மறுபடி ஒட்டிக்கொண்டது. ஆனால் சொல்ல வேண்டியது வெளியே போயிருந்தது.

பெரியவர் தம்பியின் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் முகத்தில் கோபத்தைவிட வேறு ஏதோ இருந்தது. குனிந்து பாக்கெட்டையும் தீப்பெட்டியையும் இலையிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். துண்டை உதறித் தோளில் போட்டார்.

“நான் வாரனுங்க” என்று பொதுவாகச் சொன்னார்.

“மாமா, ஒரு வாய் சாப்புட்டுப்போட்டு…”

திரும்பிப் பார்க்கவில்லை. தம்பியின் திதிச் சோற்றைச் சாப்பிடாமல் அண்ணன் படி இறங்கினார். எங்கள் பக்கத்தில் அதைவிடப் பெரிய வார்த்தை ஒன்றும் இல்லை. இன்றுவரை அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. நல்லது கெட்டதில் எதிரே பார்த்தால், வேறு பக்கம் பார்க்கிறார். தம்பியை இரண்டாவது தடவை நான் கொன்றுவிட்டதாகச் சொன்னாராம். அவர் பக்கம் நின்று பார்த்தால் அதுவும் சரியாகத்தான் இருக்கும்.

கதவுக்கு வெளியே

அறைக் கதவைச் சாத்தினோம். போனவர் வந்து சாப்பிடுகிற நேரம் அது. உள்ளே யாரும் இருக்கக் கூடாது. சொந்தக்காரர்கள் முன்வாசல் பந்தலுக்குப் போய்விட்டார்கள். என் பக்கத்தில் உட்கார யாருக்கும் பிரியம் இல்லை. சாத்திய கதவுக்கு முன்னால் நானும் கார்த்தியும் மட்டும் தரையில் உட்கார்ந்திருந்தோம்.

“ஏம்மா அப்படிச் சொன்ன?” என்றான். கோபமாகத்தான் கேட்டான். “அப்பா எதுக்கும் பயந்ததில்ல. நீயா எதையோ சொல்லி எல்லாத்து முன்னாலயும்…”

நான் கட்டில் ஓரத்தைச் சொன்னேன். ஒரு கால் செருப்பைச் சொன்னேன். ரோட்டில் ஓடி வந்த குழந்தையைச் சொன்னேன். பம்பரில் ஏன் கால் வைப்பார் என்று சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் காதில் விழுமோ என்று இருந்தது.

கார்த்தி கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“உனக்கு எதுக்கு வருது சாமி?” என்று கேட்டேன்.

“தெரிலம்மா.” தரையைக் கீறினான். “போன் அடிச்சா வருது. மீட்டிங்குன்னா வருது. லிப்டுல வருது. சில நாளைக்கு ஒண்ணுமே இல்லாமயும் வருது. செத்துருவேனோன்னு இருக்கும். கீழ போயி ஒண்ணு அடிச்சா நின்னுரும். அப்பறம் மறுபடி.”

“எப்ப இருந்து?”

“அப்பா ஆஸ்பத்திரில இருந்தப்பவே.”

அப்படியானால் கால்மாட்டில் நின்றவனுக்கும், படுக்கையில் கிடந்தவருக்கும் ஒரே நேரத்தில் அது வந்திருக்கிறது. ஒருவருக்குத் தெரியக் கூடாது என்று மற்றவர் என் கையை விட்டிருக்கிறார்.

“ஏங்கண்ணு எங்கிட்டச் சொல்லல?”

“அப்பாவுக்குப் பொறந்துட்டு இப்படி இருக்கறனேன்னு கேவலமா இருந்துச்சும்மா. எனக்கு மட்டுந்தான்னு நெனச்சேன்.”

சொல்லிவிட்டு முழங்காலுக்குள் தலையை வைத்து அழுதான். அப்பா செத்தபோதுகூட அவன் அப்படி அழவில்லை. பந்தலில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, அப்பன் நினைப்பில் அழுகிறான் என்று விட்டுவிட்டார்கள். அது பொய்யும் இல்லை.

போனில்

இதை எழுதும்போது ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. சரியாகவில்லை. கோயமுத்தூரில் ஒரு மனநல டாக்டரிடம் போகச் சொன்னேன். “ஆராச்சும் பாத்தா?” என்றான். அப்புறம், தெரிந்தவர்கள் வராத பகுதியாகப் பார்த்துப் போனான். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். பேசவும் வரச் சொல்லியிருக்கிறார்கள். ஒழுங்காகப் போவான், திடீரென்று விட்டுவிடுவான், மறுபடி போவான். சிகரெட்டையும் அப்படித்தான். விடுகிறான், பிடிக்கிறான்.

ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. வரும்போது எனக்குப் போன் செய்கிறான்.

முதல் தடவை பண்ணையில் இருந்தேன். கையெல்லாம் நார்க் கழிவு. பூவாத்தாதான் போனை எடுத்து என் காதில் வைத்தாள்.

“அம்மா” என்றான். மூச்சு இரைத்தது. “கீழ வந்துட்டேன். கைல சிகரெட் இருக்குது. ரொம்ப பயமா இருக்குதும்மா. ஏதாச்சும் பேசு.”

ஏதாவது பேசு என்று என்னிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை. கல்யாணம் பண்ணிக்கொண்டவர்கூடச் சொன்னதில்லை. எனக்கு என்ன பேசத் தெரியும்?

“விதை போட்டுட்டு இருக்கறங்கண்ணு” என்றேன். “இன்னிக்குப் புது ரகம் வந்துருக்குது. விதை கடுகாட்டம் உருண்டையா இல்ல, உமியாட்டம் லேசு. ஊதினாப் பறந்துரும். அதுக்காகப் பூவாத்தா மூச்சுவிடாம உக்காந்துருக்கறா, பாக்கவே சிரிப்பா இருக்குது. மழை வரும் போல இருக்குது. மேக்கால இருட்டிட்டு வருது. அங்க வருதா?”

“தெரில.”

“மேல பாரு கண்ணு.”

“…லைட்டா இருக்குது.”

“அப்ப வரும். நம்மூட்டு முருங்கையில பூ எடுத்துருக்குது. மழை பேஞ்சாக் கொட்டிரும். நீ வரையில காய் இருக்குமோ என்னமோ…”

அந்தப் பக்கம் தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது. பூவாத்தா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் பேச்சை நிறுத்தவில்லை.